நாலு பிள்ளைகள், பிரிக்காத காணி: ஒருவர் காணாமல் ஆக்கப்பட்டவர், ஒருவர் இறந்தது பதியப்படவில்லை. எதில் தொடங்குவது?

பூவரசு (கேள்வி)

வணக்கம். வலிகாமத்துக் குடும்பம் ஒன்றின் காணி விசயம். பெயர், குறிச்சி ஒன்றும் போடவில்லை. திகதிகளைச் சரியாகத் தருகிறேன்.

தகப்பன் 1993இல் இறந்தார், தாய் 2014இல். இரண்டு பேருக்கும் மரணச் சான்றிதழ் இருக்கிறது. மரணசாதனம் (உயில்) எழுதவில்லை. பிள்ளைகள் நாலு பேர்.

அக்கா 1987இல் கலியாணம் செய்தவர். தாயின் சீதனக் காணி 2 பரப்பும் வீடும் சீதன உறுதியாக எழுதிக் கொடுக்கப்பட்டது. புருசனை 1996இல் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. ஒரே மகள். இப்போது மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள், அந்த வீட்டை மகளின் பெயருக்கு மாற்ற வேண்டும்.

அண்ணன் கலியாணம் செய்யவில்லை. 1999இல் வன்னியில் செல் விழுந்து இறந்தார். அங்கேயே தகனம். மரணம் இன்றுவரை பதியப்படவில்லை.

தங்கை 2001இல் மட்டக்களப்பைச் சேர்ந்தவரைக் கட்டிக் கனடா போனவர். இப்போது கனடாக் குடியுரிமை மட்டும்தான்.

தம்பி 2005இல் கிளிநொச்சியில் கோயிலில் தாலி கட்டினார். எழுத்து (கலியாணப் பதிவு) எழுதவில்லை. 2007இல் ஒரு மகள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்தபோது காணாமல் ஆக்கப்பட்டார். மனைவியும் மகளும் கிளிநொச்சியில்.

ஆதனம்: தகப்பனின் முதுசம் (பரம்பரையாக வந்த காணி) 6 பரப்பு. 1975இல் தகப்பன் பெயரில் விலைக்கு வாங்கியது 4 பரப்பு. கிளிநொச்சியில் தகப்பன் பெயரில் ஒரு ஏக்கர் பேர்மிட் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது). 1995 இடப்பெயர்வில் உறுதிகள் எல்லாம் போய்விட்டன. 6 பரப்பின் தெற்குப் பக்கத்தில் வெளியாள் ஒருவர் 2010இலிருந்து வேலி அடைத்து இருக்கிறார்.

தரகர் ஒருவர் "தம்பிக்கு டெத் சேட்டிபிக்கற் எடுங்கோ, இரண்டு மாதத்தில் எல்லாம் முடியும்" என்கிறார். அக்கா அதற்குச் சம்மதமில்லை. தங்கை விற்றுப் பிரிப்போம் என்கிறார். தம்பியின் மனைவியை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. எந்த ஒழுங்கில் போக வேண்டும்?

பழைய உறுதி (பதில்)

முதல் வேலை தம்பியின் சான்றிதழ் இல்லை. தரகர் சொன்னதை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள்.

ஒரு பெரிய தாளில் வம்சாவளியை வரையுங்கள். ஒவ்வொருவருக்கும் பிறந்த திகதி, கலியாணத் திகதி, இறந்த அல்லது கடைசியாகக் காணப்பட்ட திகதி. இந்த வகைக் குடும்பங்களில் பங்கைத் தீர்மானிப்பது யார் யாருக்கு முந்தி இறந்தார் என்பதுதான். தகப்பனுக்குப் பிறகு அண்ணன், அண்ணனுக்குப் பிறகு தாய். இந்த ஒழுங்கு மாறினால் கணக்கு முழுக்க மாறும். அண்ணன் 1999இல் இறந்தார் என்றதை வாயால் சொல்லிக் காணாது, தாளில் நிரூபிக்க வேண்டும்.

வட மாகாணத் தமிழர் என்றபடியால் தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம். இதை ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுத்தார்கள். பிரிட்டிஷ் காலத்தில் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி அதற்குச் சட்ட வலுக் கொடுத்தது. இன்று நீதிமன்றம் கையில் எடுப்பது 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணக் கலியாண உரிமை, பின்னுரிமைக் கட்டளைச் சட்டமும் அதற்கு 1947இல் வந்த திருத்தமும்தான்.

இரண்டு காணியும் இரண்டு வகை. கலந்துவிடாதீர்கள்.

விலைக்கு வாங்கிய 4 பரப்பு தகப்பனின் தேடியதேட்டம், அதாவது கலியாணத்துக்குப் பிறகு தேடிய ஆதனம். 1947 திருத்தத்தின்படி, அவர் இறந்ததும் பாதி உயிரோடிருக்கும் துணைக்கு, பாதி அவருடைய உரிமைக்காரருக்கு. ஆகவே 1993இல் 2 பரப்பு தாய்க்குப் போய்விட்டது. மிச்சம் 2 பரப்பு பிள்ளைகளுக்கு. ஒரு பரப்பு 18 குழி; நாலு பேர் என்று எடுத்தால் தலைக்கு 9 குழி. தாயின் 2 பரப்பு 2014இல் தனியாக இன்னொரு முறை பிரியும், அப்போது அண்ணன் உயிரோடு இல்லை.

முதுசம் 6 பரப்பில் தாய்க்குப் பங்கு கிடையாது. அது நேரே பிள்ளைகளுக்கு. நாலாகப் பிரித்தால் ஒன்றரைப் பரப்பு, அதாவது 27 குழி. இங்கே அக்காவின் கேள்வி வரும். சீதனம் கொடுத்து அனுப்பிய மகளுக்குப் பெற்றோரின் மிச்ச ஆதனத்தில் பங்கில்லை என்பது தேசவழமையின் பழைய விதி. அப்படி வெளியே போன மகளைக் குடும்பம் திரும்பச் சேர்த்துக்கொண்டதை நீதிமன்றங்கள் ஏற்றதும் உண்டு. இதை வழக்காக்காமல் சகோதரங்கள் தங்களுக்குள்ளே பேசித் தீர்ப்பதுதான் நல்லது. 1996இலிருந்து தனியாக ஒரு பிள்ளையை வளர்த்தவரிடம் போய் "உனக்குச் சீதனம் தந்தாச்சு" என்று சொல்லும் குடும்பமாக இருக்கக்கூடாது என்பது என் எண்ணம்.

அண்ணனின் பங்கைக் கண்மதிப்பாகச் சமமாகப் பிரிக்காதீர்கள். பிள்ளையில்லாமல் இறந்தவரின் ஆதனம் தகப்பன் வழியால் வந்ததா, தாய் வழியால் வந்ததா என்று பார்த்துத்தான் போகும். அதோடு அவர் இறந்தபோது தாய் உயிரோடு இருந்தார். இந்த ஒரு பங்குக்காகவே தேசவழமை தெரிந்த சட்டத்தரணி தேவை.

தொலைந்த உறுதிகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நொத்தாரிசு உறுதி எழுதினால் ஒரு பிரதி அவரிடம் இருக்கும், இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பிரதியிலிருந்து அத்தாட்சிப்படுத்திய நகல் எடுக்கலாம். உறுதி இலக்கம் தெரியாவிட்டால் காணியின் பெயர், இறை, தகப்பனின் முழுப்பெயர், உத்தேச ஆண்டு என்று கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். 1975 விலை உறுதி சுலபமாக வரும். முதுசத்துக்குத் தகப்பனின் தகப்பன் காலத்து உறுதிவரை பின்னுக்குப் போக வேண்டியிருக்கும். நகல் எடுக்கும்போதே பதிவு விபரத்தாளையும் எடுங்கள். வெளிநாட்டில் ஆட்கள் இருக்கும் காணிகளில் கள்ள உறுதி ஏறியிருப்பது அங்கேதான் தெரியும். ஏறாமல் தடுக்கப் பதிவகத்தில் ஓர் எச்சரிக்கைப் பதிவும் போட்டு வைக்கலாம்.

வன்னிமேடு (பதில்)

தம்பியின்ர விசயத்தை மட்டும் எழுதுறன், அதுதான் எல்லாத்துக்கும் பூட்டு.

ரெண்டு தாள் இருக்கு. ஒண்டு மரணச் சான்றிதழ். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணப் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ, யுத்தத்தில காணாமல் போய் ஒரு வருசத்துக்கு மேல தகவல் இல்லாதவரை இறந்தவராகப் பதியலாம். மற்றது காணாமற்போனமைச் சான்றிதழ். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்தால வந்தது. ஆள் இறந்திட்டார் எண்டு அது சொல்லாது, ஆளைக் காணவில்லை எண்டு மட்டும் அரசு ஒப்புக்கொள்ளுற தாள். ரெண்டு வருசத்துக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேணும். அதை வைச்சு அவற்ற ஆதனத்தைத் தற்காலிகமாப் பராமரிக்கலாம், பிள்ளையின்ர பாதுகாவலுக்குக் கேட்கலாம், உதவித்திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம். காணியை விக்க ஏலாது. தரகர் ஏன் மற்றத் தாளைச் சொல்லுறார் எண்டது இப்ப விளங்கும்.

காணாமற்போனமைச் சான்றிதழுக்குப் பாதை காணாமற்போனோர் பற்றிய அலுவலகம். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால உருவானது. யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சியில அலுவலகங்கள் இருக்கு. போகேக்க கையில வேண்டியது: பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், மனித உரிமை ஆணைக்குழுவுக்குக் குடுத்திருந்தா அந்த இலக்கம், செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு தந்த துண்டு, 2013இல நியமிச்ச ஆணைக்குழுவில சாட்சி சொல்லியிருந்தா அதின்ர கடிதம், தம்பியின்ர அடையாள அட்டை நகல், படம். இந்தத் தாள்கள்ல பெயர் எழுத்து ஒவ்வொண்டில ஒவ்வொரு மாதிரி இருக்கும். தமிழில ஒண்டு, சிங்களத்தில ஒண்டு, ஆங்கிலத்தில மூண்டு விதம். கடைசியாக் கண்ட இடமும் ஒண்டில வட்டுவாகல், இன்னொண்டில முள்ளிவாய்க்கால் எண்டு கிடக்கும். முதலே ஒரு சத்தியக் கடதாசியில "இவையெல்லாம் ஒரே ஆளையே குறிக்கும்" எண்டு முடிச்சு வையுங்கோ. பாதி விண்ணப்பம் இழுபடுறது இதாலதான்.

எந்தத் தாள் எடுக்கிறது, எடுக்கிறதோ இல்லையோ எண்டதைத் தீர்மானிக்க வேண்டியது மனைவியும் மகளும். 2017 பெப்ரவரி 20இல கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில தொடங்கின போராட்டத்தில இருக்கிற தாய்மார், மனைவிமார் கனபேர் ரெண்டு தாளையும் வேண்டாம் எண்டு நிக்கினம். ஆளை எங்க எண்டு கேக்கிறவைக்கு ஒரு தாளைக் குடுத்து வாயை மூடுறது எண்டுதான் அவை அதைப் பாக்கினம். காணிக்காக ஒரு சகோதரம் பின்பக்கத்தால போய் மரணம் பதிஞ்சால் அந்தக் குடும்பம் அதோட ரெண்டாப் போகும். சட்டம் நெருங்கின உறவினருக்கு வழி விட்டிருக்கு எண்டதுக்காகச் செய்யிற வேலை இல்லை இது. ஏற்கெனவே ஆரும் மரணச் சான்றிதழ் எடுத்திருந்தால், அதை ரத்துச் செய்து காணாமற்போனமைச் சான்றிதழாக மாத்தவும் 2016 திருத்தத்தில இடம் இருக்கு.

இனி எழுத்து இல்லாத கலியாணம். வழமைப்படி நடந்த கலியாணம் பதியாட்டிலும் செல்லும், ஆனா நிரூபிக்க வேணும். நிரூபிக்காட்டில் மகளின்ர நிலை பாழ், ஏனெண்டால் தகப்பன் வழி ஆதனம் முறையான பிள்ளைக்குத்தான். முதல் பாக்க வேண்டியது மகளின்ர பிறப்புச் சான்றிதழ். பழைய படிவத்தில "பெற்றோர் விவாகம் செய்தவர்களா" எண்டு ஒரு கூடு இருக்கும். அதில என்ன எழுதியிருக்கு? வன்னியில அந்தக் காலம் பதிஞ்ச கனக்கப் பிள்ளையளுக்கு அதில "இல்லை" எண்டு விழுந்திருக்கு, பதிவாளர் எழுத்துத் துண்டைக் கேட்டிருப்பார், இவையிட்ட இருந்திருக்காது. "இல்லை" எண்டு இருந்தால் கலியாணத்துக்கான மற்ற ஆதாரம் அவ்வளவும் வேணும்: தாலி கட்டின ஐயரின்ர அல்லது கோயில் தலைவரின்ர கடிதம், படம், குடும்ப அட்டை, வாக்காளர் இடாப்பு, 2009இல செட்டிகுளம் முகாமில பதிஞ்ச குடும்ப விபரம், கலியாணத்தில நிண்ட ரெண்டு பேரின்ர சத்தியக் கடதாசி. புருசன் பெண்சாதியாக ஊர் ஏற்றுக்கொண்டு வாழ்ந்தவை எண்டதை நீதிமன்றம் பெறுமதியாப் பாக்கும். சாட்சியளுக்கு வயது போகுது. இந்த வருசமே எடுங்கோ.

பழைய உறுதி

வன்னிமேடு எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். தம்பி இறந்ததாகப் பதிந்தாலும் முதுசக் காணியில் மனைவிக்குப் பங்கு வராது. பிள்ளை இருக்கும்போது தேசவழமையில் துணைக்கு வருவது தேடியதேட்டத்தின் பாதிதான். தம்பியின் கிளையில் கையெழுத்து வைக்க வேண்டியவர் மகள். 2007இல் பிறந்தவருக்கு 2025இல் 18 முடிகிறது, ஆகவே இனி வளர்ந்த ஆளாகத் தானே கையெழுத்திடலாம். அதற்கு முன் என்றால் மாவட்ட நீதிமன்ற அனுமதி இல்லாமல் அவருடைய பங்கைத் தொட முடியாது. மனைவிக்குச் சட்டத்தில் பங்கில்லை என்பதால் அவரை விட்டுவிட்டுப் பேசலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கலியாணத்தை நிரூபிக்க முழுச் சாட்சியும் அவரிடம்தான் இருக்கிறது.

சங்கிலி (பதில்)

தாள் ஒரு பக்கம், தரை ஒரு பக்கம். தரையைப் பற்றிச் சொல்கிறேன்.

1995க்கு முந்தின உறுதியில் எல்லை ஆட்களின் பெயரால் எழுதப்பட்டிருக்கும். கிழக்கு வழி, வடக்கு இன்னாரின் மனைவி, மேற்கு இன்னாரும் பங்காளரும் என்று. அந்த ஆட்களில் பாதிப் பேர் இல்லை, மிச்சப் பேரின் பிள்ளைகள் ஐந்து நாட்டில். அதனால் அக்கம்பக்கத்துக் காணிகளின் பதிவையும் சேர்த்துத் தேடி, இன்று அந்தப் பெயர்கள் யாராக மாறியிருக்கின்றன என்று ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு சேவையரிடம் போங்கள். இல்லாவிட்டால் அவர் இன்றைய வேலியை அளந்து கொடுத்துவிட்டுப் போவார். வேலி எல்லை இல்லை.

அளவு: 16 பரப்பு ஒரு ஏக்கர், ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ். 6 பரப்பு என்றால் 60 பேர்ச்சஸ் வர வேண்டும். உறுதியில் "லட்சம் வரகு" என்று இருந்தால் அதுவும் பரப்புத்தான், 18 குழி. "லட்சம் நெல்" என்று இருந்தால் அது வயல் கணக்கு, 12 குழி. இரண்டையும் குழப்பி மூன்றில் ஒரு பங்கு கூடக் குறைய எழுதின வரைபடங்கள் இருக்கின்றன. உறுதியில் 6 பரப்பு, தரையில் 5 பரப்பு 12 குழி என்று வந்தால் உடனே பக்கத்து ஆளோடு சண்டைக்குப் போகக் கூடாது. ஒழுங்கை அகலமாகியிருக்கும், அல்லது முன்பே ஒரு துண்டை வழிக்கு விட்டிருப்பார்கள்.

கிணறு. உறுதியின் கடைசி வரியைப் பாருங்கள்: "கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் பாத்தியதையும்" என்று இருக்கும். பிரிக்கும்போது இந்த வரியைப் புது உறுதிகள் எல்லாவற்றிலும் ஏற்ற வேண்டும். ஒரு பிள்ளையின் துண்டுக்குள் கிணறு விழுந்து, மற்றவரின் உறுதியில் இந்த வரி விடுபட்டால், அடுத்த தலைமுறை தண்ணீருக்கு வழக்குப் போடும். கிணறு மூடுண்டு கிடந்தாலும் வரியை விடாதீர்கள்.

வேலி அடைத்திருக்கும் ஆள்: அவர் என்ன கட்டியிருக்கிறார், எந்தத் திகதியில் எது வந்தது என்று படம் எடுத்து, வரைபடத்தில் அவர் பிடித்த துண்டைத் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்களைப் பாதுகாக்க 2016இல் ஒரு சட்டம் வந்தது, அதனால் அவர் ஆட்சி உரிமை (நீண்ட காலம் பிடித்து இருந்ததால் வரும் உரிமை) கேட்க முடியாது.

பழைய உறுதி

சங்கிலி, அந்தக் கடைசி வசனம் இந்தக் குடும்பத்துக்குப் பொருந்தாது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கணக்கில் எடுக்காமல் விடுவது 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம். இந்த ஆள் உள்ளே வந்தது 2010இல். சாதாரண 10 வருடக் கணக்கு 2020இலேயே முடிந்துவிட்டது.

ஆனாலும் கை விட வேண்டியதில்லை. ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, உரிமை உண்டான நேரத்தில் வயது வராதவராகவோ கடல் கடந்தோ இருந்தவருக்கு எதிராக, அந்த நிலை நீங்கும்வரை அந்தக் காலத்தை ஓட விடாது. மொத்தம் 30 வருட எல்லை. 2010இல் தங்கை கனடாவில். தம்பியின் பங்கு மகளுக்கு வந்ததாக எடுத்தால், மகளுக்கு அப்போது 3 வயது. ஆகவே இவர்களின் பங்குகளுக்கு வழி இருக்கிறது. ஊரிலேயே இருந்த அக்காவுக்கு, அவருக்குப் பங்கு உண்டென்றால், அந்தப் பாதுகாப்பு இல்லை. இதற்காகத்தான் தங்கையின் விமான நுழைவுச்சீட்டு, குடிவரவுத் தாள் எல்லாவற்றின் நகலும் வேண்டும். வேலிக்காரர் யாருடைய அனுமதியோடு இருக்க வந்தார் என்றும் விசாரியுங்கள். தாய் 2014வரை உயிரோடு இருந்தார். "பார்த்துக்கொள்" என்று தாய் விட்டிருந்தால் அனுமதியோடு இருந்தவராகிவிடுவார், அவருடைய உரிமைக் கோரிக்கை அங்கேயே பலவீனப்படும்.

சகோதரங்களுக்குள் இந்தப் பயம் தேவையில்லை. ஒரு பங்காளர் இருப்பது எல்லாப் பங்காளருக்குமான இருப்பு. மற்றவரை வெளிப்படையாக வெளியேற்றினால் ஒழிய ஆட்சியுரிமை ஓடாது என்று 1911இல் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது, இலங்கையில் இன்றும் அதுதான் அடிப்படை.

சங்கிலி

சரி, திருத்தத்துக்கு நன்றி. 2010 என்றதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன்.

பூவரசு

எல்லோருக்கும் நன்றி. மூன்று விசயம் மிச்சம். அக்காவின் வீட்டை மகளுக்கு எழுத, காணாமல் ஆக்கப்பட்ட புருசனின் கையெழுத்துக் கேட்கிறார் நொத்தாரிசு. புருசனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கத்தான் வேண்டுமா? தங்கை கனடாவிலிருந்தபடி என்ன செய்ய வேண்டும்? பேர்மிட் காணியையும் இந்தப் பங்குப் பிரிப்பில் சேர்க்கலாமா?

பழைய உறுதி

அக்கா மரணச் சான்றிதழ் எடுக்கத் தேவையில்லை. நொத்தாரிசு கேட்பது சரிதான்: தேசவழமையில் கலியாணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியைக்கூடப் புருசனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. ஆனால் அதே 1911 கட்டளைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, புருசனின் இருப்பிடம் தெரியாதபோது மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி கொடுக்கலாம் என்கிறது. சுருக்க நடவடிக்கையாகப் போடும் விண்ணப்பம். 1996 முறைப்பாட்டுத் தாள்கள், விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம், சீதன உறுதி, மகளின் பிறப்புச் சான்றிதழ், எதற்காகக் கைமாற்றுகிறார் என்ற காரணம். மகளின் கலியாணம் என்பது நீதிமன்றம் விளங்கிக்கொள்ளும் காரணம். தன் புருசன் இறந்தார் என்று ஒரு பெண் எழுதிக் கையெழுத்து வைக்காமலே மகளுக்கு வீடு கொடுக்க வழி இருக்கிறது. இதைத் தெரியாமல் எத்தனையோ பேர் மனம் ஒப்பாமல் மரணம் பதிந்திருக்கிறார்கள். அக்காவிடம் இதை முதலில் சொல்லுங்கள். உறுதி எழுதும்போது தன் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள், அந்த வீட்டில் அவர் கடைசிவரை இருப்பதற்கு.

தங்கை: மட்டக்களப்பாரைக் கட்டியபடியால் அந்தக் கலியாணம் நிலைக்கும்வரை அவருக்குத் தேசவழமை பொருந்தாது, ஆகவே அவருக்குப் புருசனின் சம்மதம் தேவையில்லை. பெற்றோரின் ஆதனத்தில் வரும் பங்கு அதனால் மாறாது, அது பெற்றோரின் சட்டப்படி. வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தில் உரிமைக்காரராக வாரிசு வழியில் வருவதற்கு விலக்கு உண்டு. அக்காவின் பங்கைத் தங்கை விலைக்கு வாங்கப் போனால் அந்தச் சட்டம் குறுக்கே நிற்கும். இரட்டைக் குடியுரிமை எடுத்தால் அந்தத் தடை இல்லை.

அவர் இங்கே ஒருவருக்கு அற்றோனித் தத்துவம் (தனக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரம்) கொடுக்கலாம். பொதுவானது வேண்டாம், விசேட அற்றோனித் தத்துவம் மட்டும். காணியின் பெயர், பரப்பு, எல்லை எழுதி, செய்யக்கூடிய வேலைகளையும் ஒவ்வொன்றாக எழுத வேண்டும்: நகல் எடுக்க, வழக்கில் தோன்ற, பிரிவினை உறுதியில் கையெழுத்திட. விற்பதையும் பணம் பெறுவதையும் அதில் சேர்க்காதீர்கள், அது வேண்டி வந்தால் அன்றைக்கு வேறொன்று எழுதலாம். ரொறன்ரோவில் இலங்கைத் துணைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்பினால், இங்கே கொன்சியூலர் பிரிவின் முத்திரையும் பதிவும் முடித்துப் பாவிக்கலாம்.

விற்பது என்று முடிவெடுத்தால் 1947ஆம் ஆண்டின் தேசவழமை முன்கொள்வனவுக் கட்டளைச் சட்டத்தை மறக்க வேண்டாம். வெளியாளுக்குப் போக முன் பங்காளருக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விற்றால் அந்த விற்பனையை எதிர்த்து வழக்கு வரும், வாங்கினவரும் அந்தரத்தில் நிற்பார்.

வன்னிமேடு

பேர்மிட் காணியைச் சேர்க்க ஏலாது. அது 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், தேசவழமை அதில செல்லாது. ஒரு பேர்மிட்டுக்கு ஒரு பின்னுரித்தாளர்தான், நாலாப் பிரிச்சு எழுத விடமாட்டினம். தகப்பன் ஆரையும் பெயர் குறிச்சவரோ எண்டதைக் காணி இருக்கிற பகுதிப் பிரதேச செயலகத்தின்ர காணிப் பேரேட்டில பாருங்கோ. பெயர் குறிக்காட்டில் முதல் துணை, பிறகு அந்தச் சட்டத்தின்ர அட்டவணை ஒழுங்கு. பழைய அட்டவணையில ஆண்பிள்ளைக்குத்தான் முன்னுரிமை, 2022 திருத்தம் அந்த ஆண் பெண் வேறுபாட்டை எடுத்திட்டுது. தாய் இறந்தது 2014, அதால எந்த ஒழுங்கை வைச்சுப் பாக்கினம் எண்டதை எழுத்தில கேட்டு எழுத்திலயே பதில் வாங்குங்கோ. பழைய ஒழுங்கெண்டால் வாற பெயர் தம்பியின்ர. தம்பியின்ர பெண்சாதியும் பிள்ளையும் கிளிநொச்சியிலதான் இருக்கினம். மற்ற ரெண்டு சகோதரங்களும் "எங்களுக்கு ஆட்சேபனை இல்லை" எண்டு சத்தியக் கடதாசி குடுத்தால் அந்த ஒரு ஏக்கர் அவைக்குப் போறதுக்குப் பாதை லேசாகும்.

அண்ணனுக்குக் காலங்கடந்த மரணப் பதிவு. தகனம் செய்த இடத்து விதானையாரின்ர கடிதம், கூட நிண்ட ரெண்டு பேரின்ர சத்தியக் கடதாசி, அவற்ற பிறப்புச் சான்றிதழ், அந்தக் காலத்துக் குடும்ப அட்டையில அவற்ற பெயர் வெட்டினதிருந்தா அதின்ர நகல். அந்த வெட்டு கனதரம் உதவியிருக்கு: சிவப்புப் பேனையால கோடு, பக்கத்தில திகதி, அலுவலரின்ர சுருக்கொப்பம்.

பூவரசு

அந்தக் குடும்ப அட்டை தாயின் பெட்டிக்குள் இருந்தது, இன்று எடுத்துப் பார்த்தோம். அண்ணனின் பெயரில் கோடு இருக்கிறது, திகதியும் இருக்கிறது. தம்பியின் பெயரைத் தாய் வெட்ட விடவில்லை. தம்பியின் பங்கைத் தொடாமல் மிச்சத்தை மட்டும் பிரிக்க முடியுமா?

பழைய உறுதி

முடியும். தம்பியின் மகளும் மனைவியும் சம்மதித்து முன்வராதவரை சமரசப் பிரிவினை உறுதி வேண்டாம், அவர்கள் இல்லாத உறுதி முழுமையாகாது. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால், ஆணையாளர் சேவையர் அளந்து துண்டு பிரிப்பார், தீர்க்க முடியாத பங்கை நீதிமன்றம் ஒதுக்காமல் விடலாம். நாள் எடுக்கும், சில வேளை வருடங்கள். அதற்குள் சங்கிலி சொன்ன வரைபடத்தைச் செய்து, கிணற்றை ஒட்டிய துண்டை எதற்கென்று வைப்பது என்று மூன்று வீட்டாரும் பேசுங்கள். அந்தப் பேச்சுக்குத் தம்பியின் மனைவியைக் கிளிநொச்சியிலிருந்து கூப்பிடுங்கள். குடும்ப அட்டையின் நகல் இரண்டு எடுங்கள், அண்ணனின் பதிவுக்கு ஒன்று, தம்பியின் மனைவி கையில் ஒன்று.